மன்னனுக்குப் பயந்தவர்களும் ஊருக்குப் பயந்தவர்களும்

"லிபரல்" என்பது நம் தோழர்களிடையே கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல்லாகிவிட்டது. கல்லூரி விடுதியில் விவாதம் சூடானால் எதிரே இருப்பவரை மடக்க அந்த ஒரு சொல் போதும். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி, தங்கைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் தத்துவம், பணக்காரன் தத்துவம், தனியார்மயத்துக்குத் தாத்தா என்று மூன்று அடைமொழிகளில் கதையை முடித்துவிடுகிறார்கள். தமிழில் "தாராளவாதம்" என்று பெயர் வைத்ததும் உதவவில்லை. தாராளம் என்றால் நமக்குக் கொடுக்கிற கைதான் நினைவுக்கு வரும். கொடுக்கிற கையும் ஏந்துகிற கையும் வேண்டாம் என்றுதானே நாம் இத்தனை காலமாகப் போராடுகிறோம்.

இருந்தாலும், இந்தச் சிந்தனையை முதலில் எழுதியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்காமலே தூக்கி எறிவது நமக்குத்தான் நட்டம் என்று நாங்கள் நினைக்கிறோம். இன்று நாம் மனுவில் எழுதுகிற சொற்கள், வழக்கில் காட்டுகிற சட்டப் பிரிவுகள், மேடையில் கேட்கிற கேள்விகள் ஆகியவற்றில் பாதி அந்தப் பட்டறையில் அடித்தவை. மறுபாதியை அண்ணல் அம்பேத்கர் தனியாக உலை மூட்டி அடிக்க வேண்டியிருந்தது. ஏன் அப்படி வேண்டியிருந்தது என்பதை நம் மாவட்டத்தில் நடந்ததை வைத்தே பேசலாம்.

ஜான் லாக்கிலிருந்து தொடங்குவோம். அரசாங்கம் பற்றி அவர் எழுதிய இரு ஆய்வுரைகள் 1689-இல் பெயர் போடாமல் வெளிவந்தன. பாடத்திட்டத்தில் இரண்டாவது ஆய்வுரை மட்டும்தான் வரும். முதலாவதை யாரும் படிக்கச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியதோ அந்த முதலாவதுதான்.

ராபர்ட் ஃபில்மர் என்பவர் மன்னராட்சிக்கு ஒரு நியாயம் எழுதிவைத்திருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1680-இல் அது அச்சானது. கடவுள் ஆதாமுக்கு உலகை ஆளும் உரிமையைக் கொடுத்தார், அது தகப்பன் வழியாக இறங்கி இறங்கி இன்றைய மன்னரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, ஆகவே குடிமக்கள் பிறக்கும்போதே கீழ்ப்படியப் பிறந்தவர்கள் என்பது அவர் வாதம். லாக் அதைப் பிரித்துப் போட்டார். ஆதாமுக்கு அப்படியோர் உரிமை கிடைத்ததற்கு ஆதாரம் எங்கே? கிடைத்திருந்தாலும் அது பிள்ளைக்கு இறங்கும் என்பதற்கு விதி எங்கே? இறங்கும் என்றே வைத்துக்கொண்டாலும் இன்றைக்கு எவர் மூத்த வாரிசு என்று யாரால் காட்ட முடியும்? தாலுகா ஆபீஸ் மொழியில் சொன்னால், மூலப் பத்திரமும் இல்லை, வாரிசுச் சான்றும் இல்லை, அனுபவம் மட்டும் இருக்கிறது. அதை வைத்து உலகத்துக்கே பட்டா கேட்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்குப் பழக்கப்பட்ட வேறொரு கதை நினைவுக்கு வராமல் போகாது. வாயிலிருந்து ஒருவன் பிறந்தான், காலிலிருந்து ஒருவன் பிறந்தான், அதனால் இவன் ஆள்வான், அவன் உழைப்பான் என்கிற கதைக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழில் வாரம்தோறும் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். லாக்கைப் படித்துவிட்டு அவர் எழுதினார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவருடைய வேர் பௌத்தத்தில் இருந்தது. பிறப்பைக் காட்டி ஆள வருகிறவனிடம் பத்திரம் கேட்பது என்கிற வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

பிறப்பு அடிப்படையில் ஆட்சி இல்லை என்றால் வேறு எந்த அடிப்படையில்? சம்மதம் என்றார் லாக். மனிதர்கள் இயல்பில் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள். தம் உயிரையும் உரிமையையும் உடைமையையும் காத்துக்கொள்ள அவர்களே சேர்ந்து ஓர் அரசை உண்டாக்குகிறார்கள். அந்த அரசு நம்பிக்கையை மீறினால் அதை மாற்றும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொன்றைத்தான் நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். தகப்பன் கொடுத்த சம்மதம் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று லாக் தெளிவாக எழுதினார். பிள்ளை யாருக்கும் குடிமகனாகப் பிறப்பதில்லை. வயது வந்த பிறகு அவனே சொல்ல வேண்டும்.

கோயில் நுழைவுப் பேச்சுவார்த்தை எதற்காவது போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? "அந்தக் காலத்துலயே உங்க பெரியவங்களும் எங்க பெரியவங்களும் பேசி முடிவு பண்ணதுதான், உங்களுக்கு அந்தக் கோயில், எங்களுக்கு இந்தக் கோயில்" என்று ஒருவர் நிச்சயமாகச் சொல்வார். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் எந்த நிலையில் நின்று தலையாட்டினார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மனமொப்பியே ஆட்டியிருந்தாலும் அது பேரப்பிள்ளையைக் கட்டாது. 330 ஆண்டுகளுக்கு முந்தைய பதில் இது. அடுத்த முறை சொல்லிப் பாருங்கள்.

தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர் இருக்கிறது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஏறத்தாழ 80 ஆண்டுகளாக உள்ளே விடப்படாத பட்டியல் சாதி மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வர, போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். ஊரார் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் மாவட்டத்திலேயே செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இப்படித்தான், போலீஸ் காவலோடு நுழைவு நடந்தது. மாவட்டத் தலைநகரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். பக்கத்தில் நடப்பவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை, கேட்க முடியாது, கூட்டம் அப்படி. முகம் தெரியாதவர்கள் நடுவில் கிடைக்கும் அந்தச் சுதந்திரம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கிராமத்தில் கிடைப்பதில்லை. ஊரின் பலமே அதற்கு எல்லோரையும் தெரியும் என்பதுதான்.

லாக்கின் காலத்து இங்கிலாந்தில் மதம்தான் பெரிய சண்டை. 1689-இல் அவர் எழுதிய சகிப்புத்தன்மை பற்றிய கடிதமும் வெளிவந்தது. திருச்சபை என்பது மனிதர்கள் தாமாக விரும்பிச் சேர்கிற ஒரு கூட்டம், பிறப்பால் யாரும் எந்தச் சபைக்கும் உறுப்பினர் ஆவதில்லை என்றார். சபைக்குத் தன் விதிகளை மீறுபவரை நீக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நீக்கப்பட்டவரின் உடலையோ உடைமையையோ சபை தொடக்கூடாது. சபையை விட்டு நீக்கியதால் குடிமகனாக அவருக்கு இருக்கும் எந்த உரிமையும் குறையக்கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஊராருக்குச் சாதகமான வாதம் போலத் தோன்றும். கோயில் எங்கள் கூட்டம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம். பழைய கோயிலுக்குள் இவர்கள் வந்துவிட்டால் எங்களுக்கென்று வேறொரு கோயில் கட்டிக்கொள்கிறோம், அதுவும் எங்கள் சுதந்திரம்தானே? சட்டக் கல்லூரித் தம்பி ஒருவர் இதை எங்களிடமே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. சென்னை மாகாணம் 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது மாகாணத்தில் இருந்த தென் கன்னடத்தில், மூல்கி வேங்கடரமணர் கோயிலின் கௌட சாரஸ்வத பிராமணர்கள், இது எங்கள் பிரிவினருக்கு மட்டுமான கோயில், சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். இந்துக்களில் "எந்தப் பிரிவினருக்கான" பொதுக் கோயிலாக இருந்தாலும் பொருந்தும் என்று 1949-இல் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கு 1957-இல் முடிந்தது. அது ஒரு பிரிவினரின் கோயில்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் அவர்களுக்கு உண்டு என்றும் சொன்னது. ஆனால் 25-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பொதுக் கோயில்களை இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது, அதற்கு 26 கட்டுப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தங்களுக்கே உரிய சில சடங்குகளின்போது மட்டும் மற்றவர்களை அவர்கள் விலக்கலாம். ஆக, கோயிலைப் புதிதாகக் கட்டினாலும், பொது வழிபாட்டுக்கென்று ஆகிவிட்டால் சாதிச் சுவர் சட்டப்படி நிற்காது.

லாக்கின் அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும் அவர்கள் வாதம் தேறாது. விரும்பிச் சேர்கிற கூட்டம் என்றார் அவர். ஊர்க் கோயிலின் வரிக்கணக்கில் பெயர் ஏறுவது விரும்பிச் சேர்வதாலா? எந்தத் தெருவில், யார் வீட்டில் பிறந்தோம் என்பதால் ஏறுகிறது, அல்லது ஏறாமல் போகிறது. ஆதிக்க சாதி இளைஞர் ஒருவர், "நான் இந்த முடிவில் இல்லை, சேரி நண்பனோடு சேர்ந்துதான் சாமி கும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியுமா? விலகிப்போகும் உரிமை இல்லாத கூட்டத்தைச் சபை என்று சொல்ல முடியாது.

இனிதான் முக்கியமான இடம் வருகிறது. நம் ஊர்களில் கோயில் கதவு திறந்ததும் பிரச்சினை முடிவதில்லை, அன்றைக்குத்தான் வேறு விதமாகத் தொடங்குகிறது. பால் ஊற்ற மாட்டார்கள் அல்லது நம்மிடம் பால் வாங்க மாட்டார்கள். மாவு மில்லில் "கரண்ட் இல்லை". டிராக்டருக்கு ஆள் கிடைக்காது. களையெடுக்க வெளியூரிலிருந்து வேனில் ஆள் வரும். வயல் வழியாகப் போகிற நடைபாதையில் திடீரென்று முள்வேலி. யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதிகாரி வந்து கேட்டால், "என் கடை, என் நிலம், என் பால். யாருக்குக் கொடுக்கணும்னு நான்தானே சொல்லணும்?" ஒப்பந்தச் சுதந்திரம், தனிச்சொத்துரிமை: செவ்வியல் தாராளவாதத்தின் இரண்டு தூண்களையும் பிடித்துக்கொண்டு ஊர் நிற்கும்.

நீக்கப்பட்டவரின் வாழ்வாதாரத்தைத் தொடாதே என்று லாக் திருச்சபைக்குச் சொன்னார். ஆனால் திருச்சபையே நிலமாகவும் கடையாகவும் கூலியாகவும் வழியாகவும் இருக்கிற ஓர் இடத்தை அவர் கற்பனை செய்யவில்லை. அவரும் அவர் வழி வந்தவர்களும் பயந்தது மன்னனுக்கு. வரி போடுகிறவன், சிறையில் தள்ளுகிறவன், மதத்தைத் திணிக்கிறவன் என்று ஆபத்தெல்லாம் அரண்மனைப் பக்கமிருந்து வந்தது. ஆகவே அரசின் கையைக் கட்டினால் சுதந்திரம் வரும் என்று நம்பினார்கள். நமக்கு ஆபத்து எதிர்த் தெருவிலிருந்து வருகிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில், அரசின் கொடுமையைவிடச் சமூகத்தின் கொடுமை ஆழமாக ஊடுருவக்கூடியது, தப்பிக்க வழி குறைவு என்று சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் 35 ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்த அதே மில், பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரக் கோட்பாடு பொருந்தாது என்று அதே நூலிலேயே எழுதி நம்மைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். சரி, கம்பெனிச் சம்பளம்.

ஊர்விலக்கைக் குற்றமாக்க வேண்டும் என்று முதலில் எழுத்தில் கேட்டவர்கள் நம்மவர்கள். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த அறிக்கையில், சமூகப் புறக்கணிப்பு என்றால் என்ன என்று வரையறுத்து, அதற்குத் தண்டனை கேட்டிருந்தார்கள். 1922-ஆம் ஆண்டின் பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து அந்த வரையறையை எடுத்தார்கள். விற்பனை செய்ய மறுப்பது, வேலை கொடுக்க மறுப்பது, வழக்கமான சேவையை மறுப்பது எல்லாம் அதில் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒருவரின் சுதந்திரம். சேர்த்துப் பார்த்தால் ஒரு தெருவையே பட்டினி போடும் ஏற்பாடு. இந்தக் கூட்டுக் கணக்கைப் போடத் தெரிந்ததுதான் அவர்கள் இருவரின் பங்களிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றமாகச் சேர்ந்தது. 85 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பிரிவு 3(1)(இசட்.சி). புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள், எழுத்தர் "அப்படி ஒண்ணு இருக்கா" என்று கேட்டாலும்.

சொத்துக்கு வருவோம். லாக்கின் கொள்கைகளிலேயே நமக்கு மிகவும் பயன்படக்கூடியதும், நமக்கு எதிராக மிகவும் பயன்பட்டதும் இதுதான். ஒருவரின் உடல் அவருடையது, ஆகவே உழைப்பும் அவருடையது. பொதுவாகக் கிடந்த நிலத்தில் உழைப்பைக் கலந்தால் அந்த நிலம் அவருடையதாகிறது. மற்றவர்களுக்கும் போதுமான அளவு நல்ல நிலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைத் தமிழ்நாட்டில் ஒருநாள் அமல்படுத்தியிருந்தால் தஞ்சாவூரும் செங்கல்பட்டும் வட ஆற்காடும் யார் பெயரில் இருந்திருக்கும்? எந்தப் பரம்பரை ஏர் பிடித்தது, யார் நாற்று நட்டது, ஏரி மதகை இரவில் யார் காத்தது?

லாக் இந்தக் கேள்வியைக் கேட்க விடவில்லை. தன் வேலையாள் வெட்டிய புல்லும் தன் சொத்தாகும் என்று அதே அத்தியாயத்தில் எழுதினார். உழைப்பு கலந்தால் சொத்து. ஆனால் கூலிக்காரன் கலந்தால் முதலாளியின் சொத்து. கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தபோது, 1669-இல் அதன் அடிப்படைச் சட்டங்களை எழுதுவதில் அவர் பங்கெடுத்தார். கறுப்பின அடிமை மீது எஜமானுக்கு முழு அதிகாரம் உண்டு என்பது அதில் ஒரு விதி. பண்ணையோடு கட்டப்பட்ட ஆட்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதே நிலையில் இருப்பார்கள் என்பது இன்னொரு விதி. நம் ஊரில் அதற்குப் படியாள் என்று பெயர். ஃபில்மரிடம் வாரிசுச் சான்று கேட்டவர் கைவைத்த சட்டத்தில் இது இருந்தது. அடிமை வணிகம் செய்த ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் அவர் பணம் போட்டிருந்தார். கொள்கை தப்பா, ஆள் தப்பா என்று எங்கள் வட்டத்தில் இரண்டு ஞாயிறு சண்டை போட்டோம். கொள்கையில் "மனிதன்" என்ற சொல்லுக்குள் யார் யார் என்று எழுதாமல் விட்டதுதான் ஓட்டை என்பது எங்களில் பலரின் முடிவு.

இங்கே 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. காகிதத்தில் படியாள் சுதந்திரமான கூலிக்காரர் ஆகிவிட்டார், ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் போகலாம். எங்கே போவது? குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. ஊரின் தரிசு நிலத்தைக் கேட்டு மனு போட்டால் அதிலும் முதல் உரிமை மிராசுதாருக்கே. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை இந்த முடிச்சைத் தொட்டது. மனைக்கு வழியில்லாதவன் கூலிக்குப் பேரம் பேச முடியாது என்பதை அவர் பார்த்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. (நம் மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டதும் ஒரு செப்டம்பர் 30-தான். மாவட்ட விழா கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொண்டாடலாம்.)

அதற்கும் முன்பே, 1872-இல், அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் பாயக்காரிகளுக்கும் மிராசுதார்களுக்கும் இடையிலான தகராறு பற்றி ஒரு நூல் எழுதி, உழுகிறவர் பக்கம் நின்றார். பகுத்தறிவும் தனிமனித உரிமையும் பேசிய சென்னை இலௌகிக சங்கத்தோடு தொடர்புடையவர் அவர். தமிழில் இந்தச் சிந்தனை வரவேயில்லை என்பவர்கள் அவரையும், 1880-களில் வந்த "தத்துவ விவேசினி" இதழையும் தேடிப் படிக்கலாம்.

ஆடம் ஸ்மித்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 1776-இல் வந்த அவருடைய நாடுகளின் செல்வம் நூலில், சந்தை இயல்பாக இயங்கவிடாமல் தடுப்பது எது என்று சொல்லும்போது இந்தியாவை உதாரணம் காட்டுகிறார். தகப்பன் தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டும், மாற்றினால் மகாபாவம் என்று மதமே கட்டிப்போட்ட நாடு என்று குறிப்பிடுகிறார். சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்கள் இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மலக்குழியில் இறங்கி இன்றும் சாகிறவர்கள் எந்தச் சாதி என்று பார்த்தால், அந்தக் கட்டு அவிழவில்லை என்று தெரியும்.

அம்பேத்கர் இவர்களையெல்லாம் படித்திருந்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், இந்த வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்று சொன்னார். சுத்தமான தாராளவாதப் பேச்சு அது. கிராமத்தைப் போற்றியவர்கள் அவையில் கொதித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய "அரசுகளும் சிறுபான்மையினரும்" என்ற அறிக்கையில், அரசைக் கட்டிப்போட்டால் மட்டும் சுதந்திரம் வந்துவிடாது என்றும் அவர்தான் எழுதினார். அரசு விலகிக்கொண்டால் அந்த இடத்தில் நிலவுடைமையாளரும் முதலாளியும் வந்து உட்காருவார்கள். குத்தகையை உயர்த்தும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்கும். ஆகவே விவசாய நிலம் அரசுடைமை ஆக வேண்டும், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று கேட்டார். தனிமனிதர் ஊரிலிருந்து விடுபட வேண்டுமென்றால் அவர் காலுக்குக் கீழே ஊருக்குச் சொந்தமில்லாத நிலம் வேண்டும். அந்தக் கோரிக்கை அரசமைப்புச் சட்டத்தில் ஏறவில்லை.

நிலத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் காரணை சாட்சி. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பகுதியில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். உழைப்பைக் கலந்தவனுக்கு நிலம் என்ற கொள்கையை லண்டனில் எழுதியவர் பெயர் போடாமல் எழுதிப் பிழைத்துக்கொண்டார். இவர்கள் பெயரோடு வந்து நின்றார்கள்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டு நகலை எடுங்கள். இப்போதைய பதிவேடு மட்டும் போதாது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் "நிபந்தனைப் பட்டா", "டி.சி." போன்ற குறிப்புகள் புதிய பதிவேட்டுக்கு வராமலே போயிருக்கின்றன. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று மூன்றாவது கட்டத்தில் குறியுங்கள். "ஆவணம் கிடைக்கப்பெறவில்லை" என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 30 நாளுக்குள் மேல்முறையீடு போடுங்கள். கட்டங்கள் நிரம்பிய தாளோடு வாருங்கள், இரண்டாம் ஆய்வுரையின் சொத்து அத்தியாயத்தை அப்போது சேர்ந்து படிப்போம்.